ஒரு முட்டை யாருக்குச் சொந்தம்?

1322ஆம் வருஷம், டிசம்பர் 8. பிரான்ஸ் பக்கம் அவிஞ்ஞோன் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு போப் இருபத்திரண்டாம் ஜான் ஒரு ஆணை போடுகிறார். நீளமான லத்தீன் ஆணை. அதுக்குள்ள இருக்கிற ஒரு கேள்வியைச் சுருக்கிச் சொன்னா இவ்வளவுதான்: ஒரு துறவி ஒரு முட்டையைச் சாப்பிடுகிறார். அந்த முட்டை யாருக்குச் சொந்தம்?

சிரிக்காதீங்க. இந்தச் சண்டையில் நாலு துறவிகள் உயிரோடு எரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய துறவற சபையின் தலைவர் ராத்திரியோட ராத்திரியா தப்பி ஓடியிருக்கிறார். 'ஆக்கமின் கத்தி'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, தேவையில்லாததை எல்லாம் வெட்டி எறின்னு சொல்ற அந்தத் தத்துவம்? அந்த வில்லியம் ஆக்கமும் கூடவே ஓடினவர்தான். வாழ்க்கையின் கடைசி இருபது வருஷத்தை கிட்டத்தட்ட முழுசா ஜெர்மனியில் அகதியாகவே கழித்தார்.

உம்பர்ட்டோ ஈக்கோவின் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' படித்தவர்களுக்கு, இல்லைன்னா ஷான் கானரி நடிச்ச படத்தைப் பார்த்தவர்களுக்கு, லேசா ஞாபகம் வரலாம். 1327ல் ஒரு மடத்தில் நடக்கிற கொலைக் கதை. நடுவில் ஒரு கூட்டம் உட்கார்ந்து, இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தமா ஒரு பணப்பை இருந்ததா இல்லையான்னு அடிச்சுக்கும். படம் பார்த்தப்போ எனக்கு அது காமெடி டிராக் மாதிரி இருந்தது. பிறகு அந்த நிஜச் சண்டையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சதும் சிரிப்பு போயிடுச்சு. 'எனக்குன்னு எதுவும் வேண்டாம்'னு ஒரு மனுஷன் சொன்னதை, நூறு வருஷத்தில் ஒரு சொத்து வழக்காக எப்படி மாத்தினாங்க என்கிற கதை அது.

இது பிரசங்கம் இல்லை, சரித்திரம். தைரியமா மேல படிங்க.

கதையின் முதல் ஆள், இத்தாலியில் அசிசி என்கிற மலையூர்க்காரர் பிரான்சிஸ். பிறந்தது 1181 அல்லது 1182. அப்பா பியெத்ரோ தி பெர்னார்தோனே நல்ல வசதியான ஜவுளி வியாபாரி. பையன் செலவாளி, நண்பர்கள், பாட்டு, விருந்துன்னு திரிந்தவன். 1202ல் பக்கத்து ஊர் பெருஜியாவோடு நடந்த சண்டைக்குப் போய் மாட்டிக்கொண்டு சுமார் ஒரு வருஷம் சிறையில் கிடந்தான். திரும்பி வந்ததும் ஆள் மாறிப்போச்சு. இடிந்துகிடந்த ஒரு கோயிலைச் சரிசெய்ய, அப்பா கடைத் துணியையும் குதிரையையும் விற்றுப் பணம் கொண்டுபோனான். அப்பா விடுவாரா? 1206ல் ஊர் ஆயர் முன்னால் பஞ்சாயத்து. 'பணத்தைத் திருப்பிக் கொடு'ன்னு ஆயரும் சொல்லிவிட்டார். பிரான்சிஸ் பணத்தைக் கொடுத்தார். அதோடு நிற்காமல், போட்டிருந்த துணி மொத்தத்தையும் கழற்றி அப்பா முன்னால் வைத்துவிட்டு, இனிமேல் தனக்கு அப்பா வானத்தில் இருப்பவர்தான் என்று சொல்லிவிட்டு அம்மணமாக நின்றார். ஆயர்தான் தன் மேலங்கியால் போர்த்தினார்.

1208 வாக்கில் ஒரு நாள் பூசையில், இயேசு தன் சீடர்களை ஊர் ஊராக அனுப்பும் பகுதி வாசிக்கப்படுகிறது. காசு வேண்டாம், பை வேண்டாம், மாற்றுச் சட்டை வேண்டாம், செருப்பும் கோலும் வேண்டாம். கேட்டவர்களில் பலரும் அதை அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிரான்சிஸ் அதை ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் மேனுவலா எடுத்துக்கிட்டார். அங்கேயே செருப்பைக் கழற்றி, கோலை வீசி, தோல் பெல்ட்டுக்குப் பதில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டார். இன்னிக்கும் பிரான்சிஸ்கன் சாமியார்கள் இடுப்பில் பார்க்கிற கயிறு அதுதான்.

கூட ஆள் சேர்ந்தது. 1223 நவம்பர் 29ல் போப் மூன்றாம் ஹோனோரியஸ் சபையின் சட்டத்தை அங்கீகரித்தார். காசை நேராகவோ வேறு ஆள் மூலமாகவோ வாங்கக்கூடாது. வீடு, இடம், பொருள் எதையும் தங்களுடையதாக்கிக்கொள்ளக்கூடாது. தனி ஆளுக்கு மட்டுமில்லை, சபைக்கே சொத்து கிடையாது. அதுக்கு முன்னாடி இருந்த மடங்களில் துறவி ஏழை, மடம் பணக்கார மடம். இங்கே மடமும் ஏழை. இதுதான் புதுசு.

ஏன் இவ்வளவு கறார்? அசிசி ஆயரே ஒருமுறை, உங்க வாழ்க்கை ரொம்பக் கஷ்டமா இருக்கே என்று கேட்டாராம். பிரான்சிஸ் சொன்ன பதிலின் சாரம்: சொத்து இருந்தால் அதைக் காப்பாத்த ஆயுதம் வேணும், வழக்கு வரும், சண்டை வரும், அப்புறம் கடவுள் மேலயும் மனுஷன் மேலயும் வைக்கிற அன்புக்கு இடம் இருக்காது. பெருஜியா சிறையில் ஒரு வருஷம் கிடந்தவர் சொல்றார்ங்கறதை மறக்காதீங்க.

இன்னொரு சம்பவம். ஒரு இளம் துறவி தனக்குன்னு ஒரு சங்கீத புத்தகம் வெச்சுக்க ஆசைப்பட்டார். அச்சு இல்லாத காலம், கையால் எழுதின புத்தகம் விலை அதிகம். பிரான்சிஸ் மறுத்துவிட்டார். இன்னிக்கு சங்கீத புத்தகம் வரும், நாளைக்கு பெரிய ஜெப புத்தகம் கேட்பாய், அப்புறம் நாற்காலியில் பெரிய மேற்றிராணியார் மாதிரி உட்கார்ந்துகொண்டு பக்கத்துச் சகோதரனிடம் 'என் புத்தகத்தை எடுத்து வா' என்பாய் என்றார். புத்தகத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அந்த நாற்காலி மேலதான் கோபம். ஒரு பொருள் நம்ம கைக்கு வந்ததும் பக்கத்திலிருக்கிறவன் வேலைக்காரன் ஆகிவிடுகிறான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இதுக்கு நேரெதிராக, இரண்டு சகோதரர்களின் அம்மா பிச்சை கேட்டு வந்தபோது, சபையில் இருந்த ஒரே புதிய ஏற்பாட்டை எடுத்துக் கொடுத்து விற்றுக்கொள்ளச் சொன்னார். அதைப் படிப்பதைவிட அதில் சொன்னதைச் செய்வது கடவுளுக்குப் பிடிக்கும் என்பது அவர் வாதம்.

சரி, இனிமேல்தான் சிக்கல் ஆரம்பம்.

சபைக் கூட்டத்துக்கு நிறையப் பேர் வருகிறார்களே என்று அசிசி ஊர்க்காரர்கள் பாசத்தோடு ஒரு கல் வீடு கட்டிவிட்டார்கள். வெளியூர் போயிருந்த பிரான்சிஸ் திரும்பி வந்து பார்த்தார். நேரா கூரை மேல ஏறி ஓட்டைப் பிடுங்கிப் போட ஆரம்பிச்சுட்டார். ஊர் அதிகாரிகள் பதறிப்போய், 'சாமி, இது உங்க வீடு இல்லை, ஊராட்சிக்குச் சொந்தம்' என்றார்கள். உடனே இறங்கிவிட்டார். பொலோனா நகரத்தில் இன்னொன்று. 'சகோதரர்களின் வீடு' என்று ஒரு கட்டடத்தை ஜனங்கள் அழைப்பது காதில் விழுந்ததும், நோயாளிகள் உட்பட எல்லோரையும் வெளியேறச் சொன்னார். ஊகொலீனோ என்கிற கர்தினால், அது தன்னுடைய வீடு என்று பகிரங்கமாக அறிவித்த பிறகுதான் திரும்பச் சேர்த்தார்.

இந்த ரெண்டு கதையையும் திரும்ப ஒருமுறை படிங்க. 'சொந்தம் வேற ஆளுக்கு, உபயோகம் மட்டும் உங்களுக்கு' என்கிற விடை அங்கேயே முளைத்துவிட்டது. பிரான்சிஸே அதைக் கேட்டு இறங்கியிருக்கிறார். பொலோனாவில் அந்த விடையைக் கொடுத்த ஊகொலீனோதான் பிறகு போப் ஒன்பதாம் கிரகோரி ஆனார்.

1226 அக்டோபர் 3ல் பிரான்சிஸ் இறந்தார். கடைசி நேரத்தில் தரையில் அம்மணமாகக் கிடத்தச் சொன்னார். பொறுப்பாளராக இருந்த துறவி, அவர் மனசு தெரிந்தவர், ஒரு அங்கியைக் கொண்டுவந்து இப்படிச் சொன்னாராம்: இது இரவல்தான், உமக்கு இதில் சொந்தம் கிடையாது, வேறு யாருக்கும் கொடுக்கும் அதிகாரமும் கிடையாது. பிரான்சிஸ் சந்தோஷப்பட்டார். நம்ம ஃபீல்டில் சொன்னால், 'நான்-ட்ரான்ஸ்ஃபரபிள் லைசென்ஸ்' :-) அந்த கடைசி ஷரத்து எதுக்குன்னா, அதைப் போடலைன்னா அந்த நிலைமையிலும் மனுஷன் அங்கியைக் கழற்றி யாருக்காவது கொடுத்திருப்பார்.

அவர் போனதும் சபை வேகமாக வளர்ந்தது. ஐரோப்பா முழுக்க நகரங்களில் மடங்கள், பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பேராசிரியர்கள். புத்தகம் வேணும், கட்டடம் வேணும், நோயாளிக்கு மருந்து வேணும். பிரான்சிஸ் தன் கடைசி சாசனத்தில், என் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதாதீங்க என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். 1230ல் ஒன்பதாம் கிரகோரி, அந்தச் சாசனம் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று அறிவித்தார். நன்கொடைக் காசைத் துறவி தொடமாட்டார், ஒரு வெளியாள் வாங்கி வைத்துச் செலவழிப்பார் என்று ஏற்பாடு. 1245ல் நான்காம் இன்னசென்ட், துறவிகள் உபயோகிக்கும் பொருள்களின் சொந்தக்காரர் ரோமன் திருச்சபை என்றார். 1279ல் மூன்றாம் நிக்கோலஸ் ஒருபடி மேலே போய், இப்படி எல்லாச் சொந்தத்தையும் விடுவது கிறிஸ்துவே காட்டிய வழி என்று எழுதி, இனி இதைப் பற்றி யாரும் வாதாடக்கூடாது என்று கதவையும் சாத்தினார். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு நிஜப் பிரச்சினையைத் தீர்க்கத்தான் போட்டாங்க. ஆனா எல்லாம் சேர்ந்து மூலப் புரோகிராமையே மாத்திடுச்சு.

இந்த இடத்தில் கிளாராவைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. அசிசியின் பிரபுக் குடும்பத்துப் பெண். பதினெட்டு வயசு வாக்கில் ராத்திரி வீட்டை விட்டு ஓடி வந்து பிரான்சிஸோடு சேர்ந்தவர். பெண் துறவிகள் ஊர் சுற்றிப் பிச்சை எடுக்க முடியாது, அதனால் நிலம் வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். இதே கிரகோரி நேரில் வந்து, சொத்து வாங்கிக்கொள், உன் வாக்குறுதிதான் தடை என்றால் நான் அதிலிருந்து விடுவிக்கிறேன் என்றார். என் பாவத்திலிருந்து விடுவியுங்கள் போதும், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து எனக்கு விடுதலை வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டார் அந்தம்மா. 1228ல் ஒரு 'சலுகை' வாங்கினார்: யாரும் தன்னைச் சொத்து வாங்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று. உலகத்தில் எல்லோரும் வரிவிலக்கு, நில உரிமைன்னு சலுகை கேட்பாங்க. எதுவுமே இல்லாம இருக்கிறதுக்குச் சலுகை கேட்டு வாங்கினவர் இவர். தன் சபைக்குத் தானே சட்டம் எழுதி, பெண்களுக்காக ஒரு பெண்ணே எழுதிய அந்த முதல் சட்டத்துக்கு 1253 ஆகஸ்ட் 9ல் போப்பின் ஒப்புதல் வாங்கி, ஆகஸ்ட் 11ல் கண்ணை மூடினார்.

ஆண்கள் பக்கம் நிலைமை வேற. 'சொந்தம் போப்புக்கு' என்று ஏட்டில் எழுதிவிட்டு, களஞ்சியத்தில் தானியமும் நிலவறையில் திராட்சை ரசமும் சேர்ந்துகொண்டே போனது. பியேர் ஒலிவி என்கிற தெற்கு பிரான்ஸ் துறவி சரியான இடத்தில் கை வைத்தார். சொந்தத்தை விட்டால் மட்டும் போதாது, உபயோகமும் ஏழையின் உபயோகமா இருக்கணும் என்றார். ஒலிவி 1298ல் இறந்த பிறகும் அவரைப் பின்பற்றியவர்கள் கிழிந்த, குட்டையான அங்கியோடு தனியாக நின்றார்கள். 1317ல் இருபத்திரண்டாம் ஜான் கட்டளையிட்டார்: மேலதிகாரி சொல்கிற அங்கியைப் போடுங்க, களஞ்சியம் வேணுமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க, ஏழ்மையைவிடக் கீழ்ப்படிதல் பெரிசு. பெரும்பாலோர் பணிந்தார்கள். கடைசி வரை மறுத்த நாலு பேர் 1318 மே 7ல் மார்செய் நகரத்தில் எரிக்கப்பட்டார்கள். சபையின் தலைவர் மைக்கேல் செசேனா அப்போது போப் பக்கம் நின்றார்.

நாலு வருஷத்தில் அவரே மாட்டினார். 1322ல் போப், மூன்றாம் நிக்கோலஸ் சாத்திய கதவைத் திறந்து விவாதத்துக்கு அனுமதி கொடுத்தார். பெருஜியாவில் கூடிய சபை, கிறிஸ்துவுக்கும் அப்போஸ்தலர்களுக்கும் தனியாகவோ பொதுவாகவோ சொத்தே கிடையாது என்று அறிவித்தது. (எதிர்த்தரப்பு உடனே, யூதாஸ் தூக்கிக்கொண்டு திரிந்த பணப்பை யாருடையது என்று கேட்டது!) போப் பதிலுக்கு, நீங்க உபயோகிக்கிற பொருளுக்கெல்லாம் இனிமே நான் சொந்தக்காரன் இல்லை என்று கையைக் கழுவிவிட்டார். அந்த ஆணையில்தான் முட்டை வருகிறது. நிலத்தைச் சொந்தமில்லாமல் உபயோகிக்கலாம், நிலம் மிச்சம் இருக்கும். முட்டையைச் சாப்பிட்டா என்ன மிச்சம்? சாப்பிட்டுத் தீர்ந்துபோகிற ரொட்டி, சீஸ், முட்டைக்கு ரோமன் திருச்சபை எப்படி முதலாளியாக இருக்க முடியும்? 1323 நவம்பர் 12ல், கிறிஸ்துவுக்குச் சொத்தே இல்லை என்று சாதிப்பது திருச்சபை விரோதக் கொள்கை என்று தீர்ப்பு. 1328 மே 26 ராத்திரி மைக்கேல் செசேனாவும் ஆக்கமும் அவிஞ்ஞோனிலிருந்து தப்பி ஓடினார்கள்.

ஆக்கம் பிறகு தடிப்புத்தகமாக எழுதிய மறுப்பில் ஒரு அழகான வாதம் இருக்கு. விருந்துக்குப் போன ஆள் சாப்பிடுகிறான். அந்தச் சாப்பாடு அவனுக்குச் சொந்தமா? இல்லை. வீட்டுக்காரர் இலையை இழுத்துக்கிட்டா கோர்ட்டுக்குப் போக முடியுமா? முடியாது. அவனுக்கு இருப்பது உரிமை இல்லை, அனுமதி. துறவி இந்த உலகத்தில் விருந்தாளி. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி, ஆனா போப்பிடமும் ஒரு நியாயம் இருந்தது. நிறைவு என்பது அன்பில்தான் இருக்கிறது, சொத்தை விடுவது பொருள் மேலிருக்கிற கவலையைக் குறைக்கத்தானே. சொந்தத்தை என் பெயருக்கு எழுதிவிட்ட பிறகு உங்கள் கவலை எங்கே குறைந்தது என்று கேட்டார். கஜானா நிரப்புவதில் கெட்டிக்காரரான ஒரு போப் வாயிலிருந்து வந்தாலும் கேள்வி கேள்விதானே?

ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கோங்க. அடியில் கம்பெனி அசெட் டேக் ஒட்டியிருக்கு. வேலையை விட்டா திருப்பிக் கொடுக்கணும். சட்டப்படி என்னுது இல்லவே இல்லை. ஆனா அதில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், வேற யாராவது தொட்டா சுர்ருன்னு வருது. சட்டம் பார்க்கிறது டேக்கை மட்டும். பிரான்சிஸ் பயந்தது அந்த சுர்ருக்கு. 1322ல் ரெண்டு தரப்பும் டேக் யார் பேர்ல இருக்குன்னுதான் அடிச்சுக்கிட்டாங்க. பிரான்சிஸிடம் இருந்த சோதனை ரொம்பச் சின்னது: கேட்டா கொடுப்பியா? இதை வெச்சுக்கிட்டு பக்கத்தில் இருக்கிறவனை வேலை வாங்குவியா?

நம்ம ஊருக்கும் இதில் ஒரு இழை இருக்கு. தொலெந்தீனோ ஊர்க்காரர் தாமஸ் என்று ஒரு பிரான்சிஸ்கன். ஏழ்மையில் கறாரா நின்றதுக்காகச் சொந்த சபையே அவரைச் சிறையில் வைத்தது. 1290 வாக்கில் வெளியே விட்டு ஆர்மீனியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு கிழக்கே கப்பலேறியவர், 1321 ஏப்ரலில் மும்பைக்குப் பக்கத்தில் தானேயில், கூட வந்த மூன்று பேரோடு கொல்லப்பட்டார். உடல்களைப் புதைத்தவர் ஜோர்டானஸ் என்கிற தொமினிக்கன் துறவி. கொஞ்ச காலம் கழித்து ஓதோரிக் என்கிற இன்னொரு பிரான்சிஸ்கன் அந்த எலும்புகளைச் சுமந்துகொண்டு, நம்ம மயிலாப்பூர் தோமையார் கல்லறையையும் பார்த்துவிட்டு, சீனா வரை போனார். 1329ல் கொல்லத்தை மறைமாவட்டமாக்கி அந்த ஜோர்டானஸை ஆயராக்கினவர் யார் தெரியுமா? அதே இருபத்திரண்டாம் ஜான். அவிஞ்ஞோனில் முட்டைக்கு ஓனரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், எதுவும் இல்லாத ஆட்கள் ஒரு அங்கியோடு உலகத்தில் பாதி தூரம் நடந்திருக்கிறார்கள்.

ஜான் 1334ல் இறந்தார். சபை அழியவில்லை. ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாராவது எழுந்து, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கலாம் என்று பிரிந்துபோனார்கள். 1528ல் கிளம்பிய கப்புச்சின்கள் அப்படி வந்தவர்கள்தான். பிரான்சிஸ் என்ற பெயரை ஒரு போப் வைத்துக்கொள்ள 2013 வரை ஆனது. 2025ல் இறந்த போப் பிரான்சிஸ்தான் அந்தப் பெயரில் முதல் ஆள். எண்ணூறு வருஷமாக அந்தப் பெயரைத் தொட மற்றவர்கள் யோசித்ததில் ஒரு நேர்மை இருந்ததோன்னு எனக்குத் தோணும்.

இந்தக் கதையில் யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா, என் ஓட்டு கிளாராவுக்கு. வக்கீல் பாஷையிலேயே பேசி, வக்கீல்கள் கையெழுத்தோட, எதுவும் வேண்டாம்னு வாங்கிட்டுப் போனவர் அவர் ஒருத்தர்தான்.

நீங்க என்ன சொல்றீங்க? உங்ககிட்ட இருக்கிறதில், யாராவது கேட்டா ரெண்டாவது யோசனை இல்லாம எதைக் கொடுப்பீங்க? நானும் ஒரு லிஸ்ட் போட்டுப் பார்த்தேன். இதுவரைக்கும் ஒரு குடையும் ரெண்டு பழைய சார்ஜரும் வந்திருக்கு :-)